கதவை முதலில் பார், கோமதி

அன்புள்ள கோமதிக்கு,

நேற்று ராத்திரி போனில் பேசிக்கொண்டிருந்தபோது உன் மகள் பின்னாலிருந்து "அம்மா, பின் கதவைச் சாத்தினியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை தூங்கப் போகும் நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை. போனில் அரைகுறையாகச் சொன்னதை உட்கார்ந்து எழுதிவிடுவோம் என்று விடியற்காலையிலேயே நோட்டை எடுத்துவிட்டேன்.

இங்கே ஆந்திரப் பக்கத்தில் எல்லோரும் சௌக்கியம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவன் புத்தூரில் டிப்ளமோ சேர்ந்திருக்கிறான், தினமும் ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறுகிறான். தறி ஓடுகிறது. கூலிதான் ஏறவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்தில் உங்கள் நகரில் நான்கு வீடு உடைத்திருக்கிறார்கள் என்றாய். திருத்தணிக்கு வெளியே புதிதாகப் பிரித்த மனைகள், இரண்டு வீட்டுக்கு நடுவே காலி மனையும் சீமைக்கருவேலமும், பாதி தெருவிளக்கு எரியாது. பயம் வரத்தான் செய்யும். உன் வீட்டுக்காரர் எட்டு கேமராவுக்கு விலை கேட்டு, கடன் வாங்கியாவது போட்டுவிடலாம் என்கிறாராம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கேமராவுக்கு ஒரு ரூபாய் கொடுக்கும் முன் கதவுக்குச் செலவு செய்யச் சொல். கேமரா வந்தவனைக் காட்டும். வராமல் தடுப்பது கதவுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடம் முன்பு ஆடிக் கிருத்திகை. அன்றைக்கு நம் பக்கத்தில் வீட்டில் யார் இருப்பார்கள், உனக்கே தெரியும். தெருவே காவடி எடுத்துக்கொண்டு திருத்தணி மலைக்குக் கிளம்பிவிடும். நாங்களும் போய்விட்டு ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்பினோம். வாசல் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. பூட்டு உடையவில்லை, கோமதி. பூட்டியது பூட்டியபடியே இருந்தது. அது தொங்கிய நாதாங்கிதான் கதவிலிருந்து பெயர்ந்து தரையில் கிடந்தது. பெரியவன் செல்போன் வெளிச்சத்தில் ஸ்க்ரூக்களைப் பொறுக்கி என் கையில் வைத்தான். நான்கு ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். 800 ரூபாய் பூட்டை அந்த நான்கும்தான் பிடித்துக்கொண்டிருந்தன. பக்கத்துத் தெருவில் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். அந்தச் சத்தத்தில் கடப்பாரை போட்டுக் கதவை நெம்பினால் யாருக்குக் கேட்கும்? 4 பவுன் செயினும் நூல்காரருக்கு வைத்திருந்த பணமும் போய்விட்டன.

மறுநாள் வந்த ஆசாரி அண்ணன் அந்த ஸ்க்ரூக்களைப் பார்த்துவிட்டு, "பூட்டை யாரும்மா உடைக்கிறான்? பூட்டு மாட்டின இடத்தைத்தான் பெயர்க்கிறான்" என்றார். அவர் செய்துகொடுத்ததை அப்படியே சொல்கிறேன். ஸ்க்ரூவை எல்லாம் எடுத்துவிட்டு, கதவைத் துளைத்து போல்ட் விட்டு உள்பக்கம் நட் போட்டு முறுக்கினார். வெளியே தெரியும் தலை வழவழவென்று உருண்டையாக இருக்க வேண்டும், ஸ்பானர் பிடிக்கக் கூடாது. தாழ்ப்பாள் நுழைகிற இடத்தில் கதவு நிலையில் இரும்புத் தகடு வைத்து 3 அங்குல ஸ்க்ரூ இறக்கினார். அப்புறம் வெளிப்பூட்டையே எடுத்துவிட்டு, கதவோடு சேர்ந்த 7 லீவர் பூட்டு போட்டார். வெளியே பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இல்லை என்று நாமே தெருவுக்குச் சொன்ன மாதிரி ஆகிறது, யோசித்துப் பார். எல்லாம் கூலியோடு 6,500 ரூபாய் ஆனது.

உன் வீட்டில் எனக்கு வாசலைவிடப் பின்பக்கம்தான் கவலை. போன பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன், அது வெறும் பிவிசி கதவு. ஓங்கி உதைத்தால் போய்விடும். அதற்கு வெளியே ஒரு கிரில் கேட் வேண்டும். மொட்டை மாடிக் கதவும் அப்படித்தான், கொக்கி மட்டும் போட்டு வைத்திருக்கிறாய். ஆனால் எல்லாவற்றையும் இரும்பால் அடைத்துவிடாதே. படுக்கையறை ஜன்னலில் ஒரு கிரில்லாவது கீல் வைத்துத் திறக்கிற மாதிரி இருக்கட்டும். சாவியை ஜன்னல் வழியே கை விட்டால் எட்டாத, ஆனால் பிள்ளைக்கும் தெரிந்த ஆணியில் மாட்டு. கேஸ் கசிந்தோ ஒயர் எரிந்தோ தீப்பிடித்தால் அந்த வழியாகத்தான் வெளியே வர முடியும்.

எங்கள் கொழுந்தனார் காம்பவுண்டுக் கம்பியில் வீட்டுக் கரண்டைக் கொடுத்துவிடலாம் என்றார். உங்கள் பக்கத்திலும் யாராவது சொல்வார்கள். கேட்காதே. காட்டுப்பன்றிக்குப் போட்ட கம்பியில் மனிதர் செத்த சேதி நம் கழனிப் பக்கம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். பந்தெடுக்க வருகிற பிள்ளைக்கும் திருடனுக்கும் அந்தக் கம்பிக்கு வித்தியாசம் தெரியாது.

கதவுக்கு அடுத்தது வெளிச்சம். ஆள் நடந்தால் தானாக எரிகிற சென்சார் எல்இடி விளக்கு பின்பக்கம் ஒன்றும் பக்கவாட்டுச் சந்தில் ஒன்றும் போடுங்கள், கை எட்டாத உயரத்தில். கதவு திறந்தால் அலறுகிற காந்த அலாரம் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ராத்திரி நீயும் மகளும் மட்டும் இருக்கும் நாளில் பின் கதவுக்கு அது பெரிய தைரியம்.

இவ்வளவும் முடிந்து பணம் மிச்சம் இருந்தால் கேமரா. எட்டு எதற்கு? வாசலுக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று போதும். தரையிலிருந்து 8 அல்லது 9 அடிக்குள் மாட்டச் சொல். ரொம்ப மேலே மாட்டினால் தலைமுடிதான் தெரியும், முகம் தெரியாது. பதிவாகிற பெட்டியை டிவி பக்கத்தில் வைக்காதீர்கள், வந்தவன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். பரணில் எங்காவது மறைத்து இன்வெர்ட்டரில் கனெக்‌ஷன் கொடுங்கள். வைஃபை கேமரா என்றால், அதோடு வருகிற பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடு.

போலீஸ் விஷயத்தில் நாங்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். எங்கள் தெரு இரண்டு ஸ்டேஷன் எல்லைக்கு நடுவில். முதலில் போன இடத்தில் "இது எங்கள் லிமிட் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு பகல் அதிலேயே போனது. பத்து நிமிடத்தில் எல்லையிலுள்ள பொன்பாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் வேறு மாநிலம், திருடனுக்கு அது நன்றாகத் தெரியும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவில், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்று எழுதியே இருக்கிறது. ஜீரோ எப்ஐஆர் என்பார்கள். ஆன்லைனில் அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்கு. அவசரம் என்றால் 112. மகளுக்கும் அந்த எண்ணை மனப்பாடம் செய்துவை.

எங்கள் ஆந்திரா போலீசில் எல்எச்எம்எஸ் என்று பூட்டிய வீட்டைக் கண்காணிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஊருக்குப் போகும் தேதியைப் பதிவு செய்தால் வீட்டுக்குள் கேமரா வைப்பார்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் கண்ட்ரோல் ரூமுக்குத் தகவல் போகும். உங்கள் பக்கம் என்றால், கிளம்பும் முன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. கூச்சப்படாதே.

நகைகளை இந்த வாரமே எடுத்து வைத்து போட்டோ எடு, பில்லையும் சேர்த்து. எங்களிடம் செயினுக்குப் பில்லும் இல்லை, போட்டோவும் இல்லை. ஸ்டேஷனில் டிசைன் என்ன என்று கேட்டபோது அத்தை காற்றில் விரலால் வளைத்து வளைத்து வரைந்து காட்டினார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. முடிந்தால் லாக்கரில் வை. 2022 முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, லாக்கரில் திருட்டு நடந்தால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான் வங்கி பொறுப்பு. ஆனாலும் பீரோவுக்கு அது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, இதுதான் எங்களை நிஜமாகக் காப்பாற்றுகிறது என்று நான் நம்புகிறேன். அந்த ஆடிக் கிருத்திகை அன்று விடியற்காலையிலேயே கிளம்பியதால் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடவில்லை. முந்தின நாள் கோலம் கலைந்து கிடந்தது. கோலம் இல்லாத வாசலே போதும், ஆள் இல்லை என்று படித்துவிடுவான். இப்போது எங்கள் தெருவில் ஐந்து வீடு சேர்ந்திருக்கிறோம். யார் ஊருக்குப் போனாலும் எதிர்வீட்டு அக்கா கோலம் போட்டுவிடுவார், பால் பாக்கெட்டை எடுத்து வைப்பார், ராத்திரி ஒரு விளக்கைப் போட்டு அணைப்பார். அக்கா ஊருக்குப் போனால் நான். உனக்குப் பக்கத்தில் வீடே இல்லை என்கிறாய். நான்கு மனை தள்ளி இருக்கிற அந்த டீச்சர் வீட்டுக்கு ஒரு நாள் போய்ப் பேசு. அவர்களுக்கும் பயம் இருக்கும்.

ஆனால் தெருவுக்கென்று வாட்ஸ்அப் குழு வைக்கிற விஷயத்தில் ஜாக்கிரதை. போன தை மாதம் ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் குழுவில் "திருடன்" என்று ஒரு வார்த்தை வந்தது. ஆண்கள் கட்டையோடு ஓடினார்கள். நான் போய்ப் பார்த்தால், இருபது வயதுகூட இருக்காது, தமிழும் தெரியாது தெலுங்கும் தெரியாது, சுவரோடு ஒட்டிக்கொண்டு கைகூப்பி நிற்கிறான். அடுத்த தெருத் தறியில் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த வடக்கத்திப் பையன். போனில் சார்ஜ் இல்லை, ரூமுக்கு வழி தெரியவில்லை. ஒரு அடி ஏற்கனவே விழுந்திருந்தது, உதடு கிழிந்திருந்தது. 2018-இல் பிள்ளை பிடிக்கிறவன் என்று வதந்தி கிளம்பி, பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள், நினைவிருக்கிறதா? எனக்குக் கை நடுங்கிவிட்டது. தண்ணீர் கொடுத்து, என் வீட்டுக்காரர் கூடவே போய் அவனை ரூமில் விட்டுவந்தார். மறுநாள் ஐந்து வீடும் உட்கார்ந்து பேசினோம்: சந்தேகம் என்றால் விளக்கைப் போடு, சத்தம் போடு, 112-ஐக் கூப்பிடு. யார் மேலும் கை வைக்கக் கூடாது. நீயும் குழு ஆரம்பித்தால் முதல் நாளே இதைச் சொல்லிவிடு.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆசாரி அண்ணனுக்கு வேலை இல்லையாம். காலை பஸ்ஸில் அவரோடு நானும் வருகிறேன். அத்தை உனக்குக் கொடுக்கச் சொல்லி மாவடு எடுத்து வைத்திருக்கிறார். அதற்குள் கதவின் கனத்தை அளந்து அனுப்பு, போல்ட் நீளம் அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மாடிக் கதவையும் சேர்த்து அள.

அன்புடன்,
செல்வி