சார்புகள் பாடம் நடத்தக் கணினி அறையைத் திறந்துவிடக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
கணித ஆசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி.

பெறுநர்:
மதிப்பிற்குரிய கல்வி அலுவலர் அம்மா அவர்கள்.

பொருள்: 9, 10ஆம் வகுப்புகளுக்குச் சார்புகள் பாடத்தை விரிதாள் (எக்செல் போன்ற கணினி அட்டவணை) கொண்டு நடத்தக் கணினி அறையைப் பயன்படுத்த அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்னர் அளித்த மனுக்கள் (பதில் வரப்பெறவில்லை).

அம்மா, வணக்கம்.

எங்கள் கணினி அறையைத் தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது நேரிலேயே பார்த்திருப்பதால் அதை விவரிக்கத் தேவையில்லை. கணினிகள் நன்றாகவே இயங்குகின்றன. ஆனால் பதிவேற்ற வேலை உள்ள நாட்களில் மட்டும்தான் கதவு திறக்கிறது. கணித வகுப்புக்குக் கேட்டால், தங்கள் அலுவலகத்திலிருந்து எழுத்தில் உத்தரவு வேண்டும் என்கிறார்கள். அந்த உத்தரவைத்தான் பணிந்து கேட்கிறேன்.

1. ஓர் உள்ளீட்டுக்கு ஒரே ஒரு வெளியீடு, இதுதான் சார்பு. விரிதாளில் முதல் நிரலில் எதிர் 3 முதல் 3 வரை முழு எண்களை இட்டு, அடுத்த நிரலில் வர்க்கத்துக்கான சூத்திரத்தை ஒரு முறை எழுதிக் கீழே இழுத்தால் 9, 4, 1, 0, 1, 4, 9 என்று வந்து நிற்கும். மூன்றுக்கும் ஒன்பது, எதிர் மூன்றுக்கும் ஒன்பதா என்று பிள்ளைகளே கேட்பார்கள். பலவற்றிற்கு ஒன்றான சார்பை அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

2. இப்போது நடப்பதைத் தாங்கள் தயவுசெய்து பொறுமையாகப் படிக்க வேண்டும். கரும்பலகையில் கட்டம் போட்டு, "இது விரிதாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்கிறேன். பிள்ளைகள் சூத்திரத்தை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய்தான். பிறகு வரைபடத்தாளில் ஏழு புள்ளி வைத்து அளவுகோலால் இணைக்கிறார்கள். பரவளையத்தின், அதாவது வர்க்கச் சார்பின் வளைவின், அடிப்பகுதி ஊசிமுனையாகிவிடுகிறது. அது அப்படித்தான் இருக்கும் என்றே நம்புகிறார்கள். விரிதாளில் இடைவெளியை 1 என்பதிலிருந்து 0.1 ஆக்கினால் அதே எல்லைக்குள் 61 புள்ளிகள் கிடைக்கும். வளைவு வழவழப்பாகத் தெரியும். கையால் 61 புள்ளி வைக்க எந்தப் பிள்ளையால் முடியும்?

அதைவிட வலிப்பது ஒன்று உண்டு. வர்க்கத்தின் கெழு (அதைப் பெருக்கும் எண்) 1 என்பதை 2 ஆக்கினால் என்ன ஆகும், அரை ஆக்கினால் என்ன ஆகும், எதிர் 1 ஆக்கினால் என்ன ஆகும்? விரிதாளில் ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் போதும். வளைவு ஒடுங்கும், விரியும், தலைகீழாகும். தாளில் ஒவ்வொன்றுக்கும் அட்டவணை, அளவுத்திட்டம், புள்ளி என்று மறுபடி முதலிலிருந்து. ஒரு வரைபடம் முடிவதற்குள் மணி அடித்துவிடுகிறது. "மாற்றினால் என்ன ஆகும்?" என்ற கேள்வியை வகுப்பில் கேட்பதையே நான் விட்டுவிட்டேன், அம்மா. அந்தக் கேள்வி இல்லாமல் சார்பு என்று எதைச் சொல்லித் தருவது?

3. ஒன்றின் கீழ் எக்ஸ் (1/x) வரைபடத்தில் பிள்ளைகள் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பூஜ்ஜியத்தின் மேலாகவே இணைத்துவிடுகிறார்கள். விரிதாளில் பூஜ்ஜியத்துக்கு நேரே பிழைச் செய்தி வரும். அந்த எண் மதிப்பகத்தில் (சார்பு ஏற்கும் உள்ளீடுகளின் தொகுப்பில்) இல்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

4. செலவு என்று யாரும் சொல்ல வேண்டாம். லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள் இலவசம். நிறுவிவிட்டால் இணைய இணைப்பும் தேவையில்லை.

5. ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி அவசியம். எக்ஸ் வர்க்கத்துக்கு முன் கழித்தல் குறி இட்டால், எக்ஸ் 3 ஆகும்போது கணிதத்தில் எதிர் 9. எக்செலிலும் கால்க்கிலும் அப்படியே எழுதினால் கழித்தலை முதலில் எடுத்துக்கொண்டு 9 என்று காட்டும்; அடைப்புக்குறி போட்டால்தான் சரியாக வரும். வரைபட வகையிலும் சிதறல் வரைபடத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்; கோட்டு வரைபடம் எக்ஸ் மதிப்புகளை வெறும் பெயர்களாக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் வைத்துவிடும். இவற்றை அறியாமல் நடத்தினால் தவறான வரைபடத்தைத்தான் சொல்லிக்கொடுப்போம்.

6. கணினிகள் பழுதாகிவிடும் என்கிறார்கள். பூட்டி வைத்தால் மட்டும் பழுதாகாதா? யாருக்காக வந்த கணினிகள் அவை? இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த அறைக்குள் ஒரு நாளாவது உட்கார வேண்டாமா? மனுவைப் படித்தார்களா என்றுகூடத் தெரியாமல் எத்தனை நாள் காத்திருப்பது? முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதுங்கள், அம்மா.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் கேட்பது வாரத்துக்கு இரண்டு பாடவேளை. சாவியை என் பொறுப்பில் கையொப்பமிட்டே வாங்கிக்கொள்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கணினி போதும். சார்புகள் பாடம் முடிவதற்குள் உத்தரவு வந்தால்தான் இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படும். ஆகவே அறையைத் திறக்க உடனே உத்தரவிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணித ஆசிரியர்