சிங்கத்தைத் தேடி அலையாதே

அன்பு மகள் செல்விக்கு,

நாங்கள் நலம். ஆகஸ்டில் பிள்ளைகளோடு தென்னாப்பிரிக்காவின் கலகாடி வனவிலங்குப் பூங்காவுக்குப் போகும் திட்டத்தைப் படித்தேன். ஒரு நாள் ட்வீ ரிவீரன் முகாம், மறுநாள் நொசோப் முகாம், அதற்கடுத்த நாள் மாட்டா மாட்டா முகாம். இடையில் கருப்புப் பிடரிச் சிங்கத்தைத் தேடி மணல் பாதையில் ஓட்டம். வேண்டாம் அம்மா. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாத பாதை அது. பிள்ளைகள் காருக்குள்ளேயே வாடிப்போவார்கள்.

ஆவுப் ஆற்றங்கரையில் ஒரே கிணற்றடியில் காரை நிறுத்திவிட்டு உட்காருங்கள். அங்கே ஆசிரியராக இருந்த காலத்தில் நான் அப்படித்தான் பார்த்தேன். ஆறு என்று பெயர்தான். தண்ணீர் ஓடுவது அபூர்வம். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டபோது, ஜெர்மானியர் வசமிருந்த தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, அதாவது இன்றைய நமீபியாவுக்கு, படை அனுப்ப வேண்டிவரும் என்று தென்னாப்பிரிக்க அரசினர் அந்தக் கரையோரம் ஆழ்துளைக் கிணறுகளைத் தோண்டினார்கள். இன்றும் 13ஆம் கிணறு, 14ஆம் கிணறு என்றே பெயர். சிப்பாய்களுக்காகத் தோண்டிய தண்ணீர் இப்போது மான்களுக்கு. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

காலை வெயில் ஏறியதும் கல்கௌதாரிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஆண் பறவையை மட்டும் கவனிக்கச் சொல். குடித்த பிறகும் போகாது. வயிறு நனையத் தண்ணீரில் இறங்கி, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டும். அதன் வயிற்று இறகில் சுருண்டிருக்கும் நுண்ணிழைகள் ஈரம் பட்டதும் விரிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். அதைச் சுமந்து பல கிலோமீட்டர் பறந்து குஞ்சுகளிடம் போய் நிற்கும். பறக்கத் தெரியாத குஞ்சுகள் அந்த இறகை அலகால் கோதிக் குடிக்கும். தகப்பன் சுமக்கும் தண்ணீர், செல்வி. எந்தச் சிங்கமும் எனக்கு இதற்கு ஈடாகாது.

கரையில் கருமுதுகு நரி படுத்திருந்தால் அசையாமல் பாருங்கள். அது தூங்கவில்லை. பறவைகள் தலை குனியும் நொடிக்காகக் காத்திருக்கிறது. சின்னவள் அழுதால் அழட்டும், அவள் கண்ணை மூடாதே. நரிக்கும் குட்டிகள் உண்டு.

வெயில் ஏற ஏற ஜெம்ஸ்பாக் மான்கள் ஒவ்வொன்றாக வரும். அவற்றுக்குத் தண்ணீர் கட்டாயமில்லை. ட்சாம்மா என்னும் காட்டுத் தர்ப்பூசணியைத் தின்றே தாகம் தீர்த்துக்கொள்ளும். இதைப் பெரியவனிடம் சொல், விலங்கியல் படிக்கப்போகிறேன் என்கிறானே.

சிங்கமும் அதே தண்ணீருக்குத்தான் வரும். வந்தால் பாருங்கள்.

அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்க விடாதே. மணலுக்கேற்ப டயர் காற்றைக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்று முகாம் வாசலிலேயே கேட்டுக்கொள். இரவில் அங்கே உறைபனி விழும், பிள்ளைகளுக்குக் கம்பளி உடை எடுத்துவை. பொழுது சாய்வதற்குள் முகாமுக்குத் திரும்பிவிடுங்கள். வாயிலை மூடிவிடுவார்கள்.

திட்டத்தை மாற்றியதும் எழுது. மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா