இந்த வாரக் காற்றைப் பற்றி அப்பாவுக்கு

கால்வே, அயர்லாந்து
அக்டோபர் இரண்டாம் வாரம், திங்கட்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நேற்றுத் தொலைபேசியில் நீங்கள், "அங்கே பலத்த காற்று என்று போட்டிருக்கிறானே, பத்திரமாக இரு" என்று சொன்னபோது, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சரி சரி என்று வைத்துவிட்டேன். இரவுப் பணி முழுவதும் அது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. வருவது புயல் இல்லை, அப்பா. இந்த ஊர் இலையுதிர்காலத்தின் வழக்கமான ஒரு வாரம்தான்.

ஞாயிறு மதியம் இங்கே ஆர்.டி.ஈ. தொலைக்காட்சியில் விவசாயிகளுக்கென்றே தனியாக வானிலை சொல்கிறார்கள். எனக்கு இங்கே வயலும் இல்லை, மாடும் இல்லை. ஆனாலும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல நினைத்துக்கொண்டு அதைப் பார்க்கிறேன். போன வாரம் எங்கே எவ்வளவு மழை, மண் எந்த அளவுக்கு ஊறியிருக்கிறது, மருந்து தெளிக்கக் காற்று இடம்கொடுக்குமா என்று வரிசையாகச் சொல்வார்கள். இந்த வாரத்துக்குச் சொன்னது: வானிலை நிலையாக இருக்காது, குளிர் குறைவு, காற்று அதிகம். பகலில் 15 டிகிரி வரை ஏறும். இரவில் 10க்குக் கீழே இறங்காது. 10 டிகிரியைக் குளிர் குறைவு என்பவர்களைப் பார்த்து முதல் வருடம் சிரித்தேன். இப்போது படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும் "இன்றைக்கு மைல்டாக இருக்கிறது" என்று நானே பேச்சை ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த காற்றுக் கணக்கு இங்கே செல்லாது. ஐப்பசியில் நமக்குக் கிழக்கே கடலிலிருந்து வரும் கொண்டல் மழையைத் தருகிறது. இங்கே மழை அட்லாண்டிக்கைக் கடந்து தென்மேற்கிலிருந்து வருகிறது. இரண்டு ஊரிலும் தாழ்வு மண்டலம்தான் காரணம், இரண்டும் இடஞ்சுழியாகத்தான் சுற்றுகின்றன. ஆனால் நம் விரிகுடாப் புயல் வெதுவெதுப்பான கடலிலிருந்து பலம் எடுத்துக்கொள்கிறது. இங்கே வருவது வடக்கின் குளிர்ந்த காற்றும் தெற்கின் வெப்பக் காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் பிறக்கிறது. கோடையில் வாங்கிய சூட்டைக் கடல் அக்டோபரிலும் விடாமல் வைத்திருக்க, துருவப் பக்கம் மட்டும் வேகமாகக் குளிர்ந்துவிடுவதால், இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் கூடி, வெகு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று வலுத்து, தாழ்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக இந்தத் தீவின் பக்கம் தள்ளிவிடுகிறது. பெரும்பாலும் அவற்றின் மையம் எங்களுக்கு வடமேற்கே விலகிப் போய்விடும். ஓரம் மட்டும் எங்களை உரசும். அந்த உரசலோடுதான் தென்மேற்கின் கதகதப்பும் வந்து சேர்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இதே அட்சரேகையில் இருக்கும் கனடாவின் லாப்ரடார் குளிர்காலத்தில் உறைந்து கிடக்க, எங்கள் தெருவோரப் புல் ஜனவரியிலும் பச்சையாக இருப்பது அதனால்தான்.

இப்படியொரு நாள் எப்படிப் போகும் என்றால், காலையில் தெற்கிலிருந்து காற்று எழும்பும், மேகம் கூரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கிவரும், தூறல் பிடிக்கும். சால்ட்ஹில் கடற்கரை நடைபாதையில் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வந்து கன்னத்தில் அறைகிறது. உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கிறது. அம்மா வாங்கித் தந்த மூன்று மடிப்புக் குடை முதல் வாரமே கம்பி திரும்பிப் போய்விட்டது. காற்றுக்கு மறுநாள் குப்பைத் தொட்டிகளில் அதைப்போல இன்னும் பல குடைகள் கிடக்கும். மதியத்துக்கு மேல், யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல, காற்று சட்டென்று மேற்குக்குத் திரும்பும். மேகம் கிழியும், வெயிலில் நனைந்த ஓடுகள் பளபளக்கும், கடலின் மேல் வானவில் நிற்கும். அதைப் பார்த்து மயங்கிச் சட்டையோடு வெளியே போனால், கால் மணி நேரத்தில் அடுத்த மழை பிடித்துக்கொள்ளும்.

முதல் வருடம் இதே மாதிரி வாரத்தில் நான் செய்த கூத்தை உங்களிடம் சொன்னதில்லை. மெட் ஏரன் என்பது இங்குள்ள வானிலைத் துறை. அது மஞ்சள் எச்சரிக்கை கொடுத்தது. நான் வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்து, மெழுகுவத்தி வாங்கி, மறுநாளைக்கும் சேர்த்துச் சோறு வடித்து, பாஸ்போர்ட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜாவில், பேராவூரணித் தோப்பில் தென்னைகள் முறிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். விடிந்து ஜன்னலைத் திறந்தால், பக்கத்து வீட்டுப் பாட்டி கொல்லையில் போர்வைகளைக் காயப்போட்டுக்கொண்டு, "கிரேட் ட்ரையிங்" என்று என்னைப் பார்த்துக் கை அசைக்கிறார். துணி உலர இதைவிட நல்ல காற்று கிடையாதாம். மஞ்சள் என்றால் வீச்சு மணிக்கு 90 முதல் 110 கிலோமீட்டர் வரைதான் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

உண்மையான புயலும் இங்கே வரும். அதை உங்களிடம் மறைக்கவில்லை. 2017 அக்டோபர் 16இல், அசோர்ஸ் தீவுகள் பக்கம் சூறாவளியாக இருந்த ஒஃபீலியா வந்து நாடு முழுவதும் பள்ளிகளை மூடவைத்தது. மரங்கள் இலை கொட்டி முடியாத மாதம் என்பதால், காற்று பாய்மரத்தில் பிடித்ததுபோல் பிடித்துப் பலவற்றைச் சாய்த்தது. 2025 ஜனவரி 24இல் வந்த ஏயோவின், இந்த மாவட்டக் கடற்கரையிலுள்ள மேஸ் ஹெட்டில் 180 கிலோமீட்டரைத் தாண்டி வீசி, 7 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் மின்சாரத்தை அறுத்தது. அதற்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். சிவப்பு என்றால் நான் வாசலைத் தாண்டுவதில்லை, இது சத்தியம். இந்த வாரத்துக்கு மஞ்சள்கூட இதுவரை வரவில்லை.

அங்கே மழை தொடங்குமுன் வடக்கு வரிசைக் கன்றுகளுக்கு முட்டுக் கொடுத்துவிட்டீர்களா? தம்பியை நிற்கவைத்துச் செய்யுங்கள். நீங்கள் ஏணியில் ஏற வேண்டாம். எங்களுக்கு வெள்ளிக்கிழமை காற்று வடமேற்குக்குத் திரும்பி, ஒரு நாள் வெளுப்பாக இருக்கும் என்கிறார்கள். சேர்ந்து கிடக்கிற போர்வைகளை அன்றைக்குத் துவைத்துப் போடலாம் என்றிருக்கிறேன்.

தங்கள் அன்பு மகள்