ஆட்டோமேட்டிக் என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு கியர்பாக்ஸ்: காம்பாக்ட் எஸ்யூவி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காம்பாக்ட் பெட்ரோல் எஸ்யூவிகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றின் விவரத்தாளையும் கையேட்டையும் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். நான் கியர்பாக்ஸ் வேலை பார்க்கிறவன். இதை எழுதும்போது என் வேலை மேஜையில், ஒரு எஸ்யூவியிலிருந்து கழற்றிய கிளட்ச் செட் கிடக்கிறது. பிரஷர் பிளேட்டின் முகத்தில் ஓரத்தில் வைக்கோல் நிறம், அதற்கு உள்ளே ஊதா, அதற்கும் உள்ளே மயில் கழுத்து நீலம் என்று வளையம் வளையமாக நிறம் ஏறியிருக்கிறது. இரும்பு அந்த நீலத்துக்கு வர ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்தால் கருகிய வாடை இன்னும் போகவில்லை.

வண்டிக்காரர் பொறுப்பாக ஓட்டுகிறவர். ஒரு சர்வீஸைக்கூடத் தவறவிட்டதில்லை. மலைப்பாதையில் வண்டிகள் தேங்கி நின்ற ஒரு மதியம். முன்னால் நின்ற வண்டி ஓரடி நகர, இவரும் ஓரடி நகர்ந்திருக்கிறார். இடையில் பிரேக்கில் கால் வைக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே வண்டியைச் சரிவில் நிறுத்தி வைத்திருக்கிறார். முதலில் வண்டி உதறியது. அப்புறம் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று திரையில் எழுத்து வந்தது. அப்புறம் வண்டி நகரவே இல்லை. "ஆட்டோமேட்டிக்தானே, இதில் நான் என்ன தப்பு செய்திருக்க முடியும்?" என்று என்னிடம் கேட்டார். இதற்கு முன் அவர் வைத்திருந்ததும் ஆட்டோமேட்டிக்தான். அதிலும் இதே பழக்கம்தான். அது பதினோரு வருடம் சிணுங்காமல் ஓடியிருக்கிறது.

இரண்டு வண்டிகளின் விவரத்தாளையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் டிரான்ஸ்மிஷன் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் என்று ஒரே சொல். பழைய வண்டியில் இருந்தது, இன்ஜினின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர். புதியதில் இருப்பது எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வைத்த டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். வெளியே லீவர் ஒன்றுபோல இருக்கிறது, அதில் பொறித்த எழுத்துகளும் ஒன்றுதான். உள்ளே நடப்பதற்கு ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஆட்டோமேட்டிக் என்றாலே மக்கள் எதிர்பார்ப்பது டார்க் கன்வர்ட்டரின் குணத்தை. அதற்கு வரலாறு காரணம். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக்கைக் கொடுத்தபோது, இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் இருந்தது திரவ இணைப்பு. 1948-ல் ப்யூக்கின் டைனாஃப்ளோவில் டார்க் கன்வர்ட்டரே வந்துவிட்டது. இன்ஜினோடு சுழலும் இம்பெல்லர் வீசும் எண்ணெய், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் டர்பைனைச் சுழற்றுகிறது. நடுவிலிருக்கும் ஸ்டேட்டர் அந்த எண்ணெயைத் திருப்பி அனுப்பி, வண்டி கிளம்பும் நேரத்தில் இன்ஜினின் டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை பெருக்குகிறது. சரிவில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்தால் இதிலும் சூடு உண்டாகும். ஆனால் அந்தச் சூடு எண்ணெயில் இறங்குகிறது, எண்ணெய் கூலருக்குப் போய் ஆறித் திரும்புகிறது. அந்த இடத்தில் உராய்ந்து தேய எதுவும் இல்லை. ஓடும் வேகத்தில் லாக்கப் கிளட்ச் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டிவிடுவதால், பழைய காலத்து எரிபொருள் வீணும் இப்போது பெருமளவு குறைந்துவிட்டது.

இப்போது உலர் கிளட்சுக்கு வருவோம். டிசிடியில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. ஒன்று விடும் நொடியில் மற்றொன்று பிடிக்கிறது. ஃபோக்ஸ்வாகன் 2003-ல் கார்களில் கொண்டுவந்த 6 வேக டிசிடியில் கிளட்சுகள் எண்ணெயில் நனைந்திருந்தன. 2008-ல் அதே நிறுவனம் உலர் கிளட்ச் வைத்த 7 வேக கியர்பாக்ஸைக் கொடுத்தது. அதன் டார்க் எல்லை 250 நியூட்டன் மீட்டர். எடை குறைவு, எண்ணெயைக் கடையும் இழப்பு குறைவு, மைலேஜ் கூடுதல். சிறிய பெட்ரோல் இன்ஜினோடு உலர் கிளட்சைச் சேர்க்கும் உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. நல்ல கியர்பாக்ஸ்தான். நெடுஞ்சாலையில் அது கியர் மாற்றும் அழகை நானே ரசித்திருக்கிறேன்.

ஆனால் இந்த மேஜை மேல் கிடக்கும் தகட்டுக்கு என்ன நடந்தது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து 1,600 கிலோ. 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறும் சரிவு. வண்டி பின்னால் உருளாமல் நிற்க ஏறத்தாழ 1,560 நியூட்டன் விசை வேண்டும். சக்கரத்தின் ஆரம் 32 செ.மீ. என்றால் அச்சில் 500 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து 15 மடங்கு என்று வைத்தால், கிளட்சுக்கு வருவது 33 நியூட்டன் மீட்டர். இன்ஜின் 1,000 ஆர்பிஎம்மில் சுழல்கிறது, வண்டி நகரவில்லை. அப்படியானால் ஏறத்தாழ 3.5 கிலோவாட் முழுவதும் கிளட்சில் வெப்பமாகிறது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றரை, காற்றோட்டம் அதிகமில்லாத ஒரு உறைக்குள் எரிகிற மாதிரி. ஐந்து கிலோ இரும்பில் இந்தச் சூடு ஒரே நிமிடம் இறங்கினால் வெப்பநிலை ஏறத்தாழ 90 டிகிரி ஏறும். நாலைந்து நிமிடம் அப்படி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நீல வளையமே சாட்சி.

இதற்கு மாற்று மிக எளிது. பிரேக்கை முழுசாக மிதித்தால் போதும், கியர்பாக்ஸின் கணினி கிளட்சைப் பிரித்துவிடும், சூடே இல்லை. முன்னால் இடைவெளி விழும்வரை காத்திருந்து, ஒரே மூச்சில் கிளம்பி, கிளட்ச் முழுதாகப் பிடித்த பிறகு நிற்க வேண்டும். அங்குலம் அங்குலமாக ஊர்வதுதான் இதற்கு ஆகாது. இந்த மூன்று வரியை யாரும் வண்டிக்காரரிடம் சொல்லவில்லை. அவர் வண்டியின் கையேட்டை நான் புரட்டினேன். 200 பக்கத்துக்கு மேல் தள்ளி, எச்சரிக்கைச் செய்திகளின் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. புளூடூத்தை இணைப்பது எப்படி என்பதற்கு ஆறு பக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

ஏஎம்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் லீவரையும் கைகாலுக்குப் பதிலாக, கணினி இயக்கும் ஆக்சுவேட்டர் அசைக்கிறது. கியர் மாறும்போது ஒரு கணம் இழுவிசை அறுவதால் தலை முன்னே சாய்கிறது. மாறும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தளர்த்தினால் அந்தக் குலுக்கல் நன்றாகக் குறையும். சரிவில் இதற்கும் மேலே சொன்ன அதே விதிதான்.

சிவிடி, அதாவது பல் கியர்களுக்குப் பதில் இரண்டு புல்லியும் ஒரு பெல்ட்டும் வைத்த கியர்பாக்ஸ்தான் பாவம், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. ஹாலந்தின் டாஃப் நிறுவனம் 1958-ல் ரப்பர் பெல்ட் வைத்துக் காட்டிய யோசனை, 1987-ல் சுபாரு ஜஸ்டியில் எஃகு பெல்ட்டோடு வந்தது. அந்த பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளை இரண்டு வளையக் கட்டுகளில் கோத்த ஒரு நகை மாதிரி இருக்கும். பெல்ட் என்று பெயரே தவிர, அது இழுப்பதில்லை, துண்டுக்குத் துண்டு தள்ளித்தான் விசையைக் கடத்துகிறது. புல்லிகள் அகலமாகிக் குறுகும்போது விகிதம் படியே இல்லாமல் மாறுகிறது. அதனால்தான் முழுசாக மிதித்தால் இன்ஜின் சத்தம் முதலில் ஏறி அதே அளவில் நிலைத்துவிடுகிறது, வேகம் பின்னாலேயே வந்து சேர்கிறது. கிளட்ச் நழுவுகிறது என்று பயந்து அடிக்கடி என்னிடம் வருகிறார்கள். அது கோளாறு இல்லை, அந்தக் கியர்பாக்ஸ் வேலை செய்யும் விதமே அதுதான். நகரத்து ஓட்டத்துக்கு அதைவிட மென்மையானதை நான் பார்த்ததில்லை. ஒரு விஷயத்தில்தான் அது மன்னிக்காது. புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவிலிருக்கும் பிடிப்பு அதற்கென்று செய்த திரவத்தைப் பொறுத்தது. அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயை (ஏடிஎஃப்) ஊற்றினால் பெல்ட் நழுவி, புல்லி முகத்தில் கோடு விழுந்துவிடும். அப்புறம் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

எண்ணெயைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் கேட்டுவிடுகிறேன். ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று சில கையேடுகளில் எழுதுகிறீர்களே, யாருடைய ஆயுள்? உத்தரவாதக் காலமா, வண்டி ஓடி முடியும் காலமா? பல கார் நிறுவனங்களுக்கு 8 வேக ஆட்டோமேட்டிக் செய்து கொடுக்கும் இசட்எஃப், 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 வருடத்துக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. செய்தவர்களே மாற்றச் சொல்லும்போது, மாற்ற வேண்டாம் என்ற வரியை நம்பிய மனிதர் நஷ்டப்படுவது நியாயமில்லை. டிரெய்ன் பிளக்கைத் திறந்ததும் கறுப்பாக வழியும் எண்ணெயையும், காந்தத்தில் முடிபோல ஒட்டியிருக்கும் இரும்புத் தூளையும் நான் வாராவாரம் பார்க்கிறேன்.

அடுத்தது இன்ஜின். 1 லிட்டர் டர்போ, மூன்று சிலிண்டர், 120 பிஎஸ் (குதிரைத்திறன்) என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். அந்த 120 கிடைப்பது 5,500 ஆர்பிஎம்முக்கு மேலே. தினசரி ஓட்டத்தில் யாரும் அங்கே போவதில்லை. 1,750 ஆர்பிஎம்மில் 200 நியூட்டன் மீட்டர் என்றால் அந்த இடத்தில் இருப்பது ஏறத்தாழ 50 பிஎஸ். டர்போ இல்லாத 1.5 லிட்டர் இன்ஜின் அதே இடத்தில் 120 நியூட்டன் மீட்டர் தந்தால் 30 பிஎஸ். டர்போவின் பலம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள். 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே, டர்போ அழுத்தம் ஏறும்முன், அது வெறும் 1 லிட்டர் இன்ஜின். டார்க் கன்வர்ட்டர் இருந்தால் அந்தக் குறையைத் தன் பெருக்கத்தால் மூடிவிடுகிறது. உலர் கிளட்ச் அதை மூடுவதில்லை. கிளம்பும்போது இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றி, கிளட்சைக் கொஞ்சம் தேய்த்துத்தான் வண்டியை நகர்த்துகிறது. ஆக, ஒரே இன்ஜின் இரண்டு கியர்பாக்ஸோடு சேரும்போது இரண்டு வண்டியாகிவிடுகிறது. வாங்குகிறவருக்கு பிஎஸ் எண்ணைவிட இந்தச் சேர்க்கையே முக்கியம்.

மைலேஜுக்காக கியர்பாக்ஸை மேல் கியரில், தாழ்ந்த ஆர்பிஎம்மில் பிடித்துவைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ இன்ஜினில் தாழ்ந்த வேகமும் அதிகச் சுமையும் சேர்ந்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் எரிந்து பிஸ்டனை உடைக்கும் ஆபத்து உண்டு. ஆயில் அதைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனையோடுதான் 2020-ல் ஏபிஐ எஸ்பி என்ற இன்ஜின் ஆயில் தரம் வந்தது. ஏற்றத்தில் மேல் கியரிலேயே திணறினால் ஆக்சிலரேட்டரை அழுத்திக் கியரை இறக்குங்கள், அந்தத் தரத்து ஆயிலை மட்டும் ஊற்றுங்கள் என்று இரண்டு வரி எழுத என்ன தடை?

மைலேஜ் எண்ணும் அப்படித்தான். பல நாடுகளில் மைலேஜை அளக்கப் பயன்படும் டபிள்யூஎல்டிபி சோதனை 30 நிமிடம், 23.25 கி.மீ., சராசரி வேகம் மணிக்கு 46.5 கி.மீ. நெரிசலில் மணிக்கு 15 கி.மீ. சராசரியில் ஓட்டுகிறவருக்கு அந்த எண் எட்டாது. சோதனையிலேயே தாழ்வேகப் பகுதிக்குத் தனி அளவு இருக்கிறது. ஏற்கெனவே அளந்து வைத்திருப்பதை வெளியே போடுங்கள், அது போதும்.

சரி, நான் கேட்பது என்ன? விவரத்தாளில் ஆட்டோமேட்டிக் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதன் வகையை எழுதுங்கள். டிசிடி என்றால் கிளட்ச் நனைந்ததா உலர்ந்ததா என்று எழுதுங்கள். முழுச் சுமையோடு எவ்வளவு சரிவில், எத்தனை முறை அடுத்தடுத்து கிளம்பலாம் என்று உங்கள் சோதனைக் களத்தில் பார்த்திருப்பீர்கள், அந்த எண்ணைக் கொடுங்கள். கியர்பாக்ஸ் திரவத்தின் பெயர், அளவு, மாற்றும் இடைவெளி மூன்றும் வண்டிக்காரர் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். பழுதாகி நின்றால் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள இழுக்கலாமா கூடாதா என்பதும் இருக்கட்டும். இன்ஜின் நின்றால் எண்ணெய்ப் பம்பும் நின்றுபோகும் கியர்பாக்ஸ்களை அப்படி இழுத்து வந்து, உள்ளே எல்லாம் தேய்ந்துபோன பிறகு என்னிடம் விடுகிறார்கள். அப்புறம், திரையில் கியர்பாக்ஸ் சூடு என்று மட்டும் காட்டாமல், பிரேக்கை முழுசாக மிதியுங்கள், முடிந்தால் ஓரமாக நிறுத்துங்கள், இன்ஜினை அணைக்க வேண்டுமா ஓடவிட வேண்டுமா என்று செய்ய வேண்டியதைக் காட்டுங்கள். பதற்றத்தில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது அதுதான்.

இந்த வண்டி நாளை மாலை தயாராகிவிடும். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் வண்டிக்காரரைப் பக்கத்துச் சரிவுக்குக் கூட்டிப்போய், ஆக்சிலரேட்டரில் பிடித்தால் கிளட்ச் எப்படி முனகுகிறது, பிரேக்கை மிதித்ததும் அந்த முனகல் எப்படி அடங்குகிறது என்று காதால் கேட்க வைக்கப்போகிறேன். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை, வண்டியை முதன்முதலாக ஒப்படைக்கும் நாளிலேயே உங்கள் ஆட்கள் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
கியர்பாக்ஸ் வேலை பார்க்கும் ஒருவன்