மாசானத்துக்கு, ஹோஸ் தண்ணி விஷயமா

லேய் மாசானம்,

உன் லெட்டர் வந்து பதினஞ்சு நாளாச்சு, இன்னும் பதிலக் காணோமேன்னு திட்டிக்கிட்டு இருந்திருப்ப, தெரியும். காலேஜ்ல இன்ஸ்பெக்ஷன்னு ஒரு கூத்து, லேப்ல இருக்க ஒவ்வொரு மீட்டருக்கும் ஸ்டிக்கர் ஒட்டு, பத்து வருஷ ரெஜிஸ்டர எடு, பெயின்ட் அடின்னு உயிர எடுத்துட்டாங்க, அது முடிஞ்ச மறுநாளே முட்டி வலி வந்து ரெண்டு நாள் படுத்துட்டேன். டாக்டர் மாடி ஏறாதேங்கார். நல்லவேளை நம்ம ஹைட்ராலிக்ஸ் லேப் கிரவுண்ட் ஃப்ளோர்.

மூத்தவளுக்கு வரன் அமைஞ்சிருச்சுன்னு எழுதியிருந்த, படிச்சுட்டு வீட்டுல கத்தி சொன்னேன், உங்க மதினி உடனே என்ன புடவை எடுக்கன்னு ஆரம்பிச்சிட்டா. தேதி மட்டும் ஆனித் தேரோட இடிக்காம பாத்துக்க.

சரி, அந்த பஞ்சு குடோன் தீக்கு வாரேன். பம்ப்ல கேஜ் 7 கிலோ பிரஷர் காட்டுது, மூணாவது மாடில பிராஞ்ச, அதான் ஹோஸ் நுனிக் குழாய, புடிச்சு நிக்கவன் கைல தண்ணி பால்காரன் ஊத்துத மாதிரி வருதுன்னு எழுதியிருந்தியே, அதப் படிச்சுட்டு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன், முட்டி வலிக்கு வேற என்ன வேலை. 63 எம்எம் ஹோஸ், 10 லெங்த்னா 300 மீட்டர், நிமிஷத்துக்கு 450 லிட்டர்னு வச்சுக்கிட்டா உரசல்லயே ரெண்டரைல இருந்து மூணு கிலோ போயிருது, மாடி ஏத்தத்துக்கு ஒரு கிலோ, ஆக 7ல கிட்டத்தட்ட 4 அவுட். உன் பசங்க மேலயும் தப்பில்ல பம்ப் மேலயும் தப்பில்ல.

அப்புறம் நீ கேட்டது, தண்ணில எதையோ கலந்தா உரசல் கொறஞ்சு வேகமா வரும்னு யாரோ சொன்னாங்களாம் அது உண்மையா இல்ல கதையான்னு. உண்மைதான்ல. உன்ன மாதிரி தீயணைப்பு டிபார்ட்மென்ட்காரங்களே செஞ்சு பாத்திருக்காங்க, ஆனா இங்க இல்ல, நியூயார்க்ல, 1960கள் கடைசில. யூனியன் கார்பைடு (ஆமா, அதே போபால் கம்பெனிதான்) தயாரிச்ச பாலிஎத்திலீன் ஆக்சைடுன்னு ஒரு பொடி, அதத் துளியூண்டு தண்ணில கலந்து விட்டா ரெண்டரை இஞ்ச் ஹோஸ்ல வர்ற தண்ணி ஒண்ணே முக்கால் இஞ்ச் ஹோஸ்லயே வருது. யோசிச்சுப் பாரு, மாடிப்படில தண்ணி ரொம்புன ரெண்டரை இஞ்ச் ஹோஸ இழுத்துட்டுப் போறவனுக்கும் சின்ன ஹோஸத் தோள்ல போட்டுட்டு ஓடுறவனுக்கும் எவ்வளவு வித்தியாசம். பேரே வழுக்குத் தண்ணின்னு வச்சிருந்தாங்க.

இதக் கேட்டதும் நீ என்ன நெனப்பன்னு தெரியும், எண்ணெய் தடவுன மாதிரி ஹோஸ் உள்பக்கம் வழவழன்னு ஆயிருது போலன்னு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன், பசங்களுக்கும் அப்படியே சொல்லிக் குடுத்திருக்கேன், பாவம். விஷயம் வேற. சுவர ஒட்டி இருக்க தண்ணி எந்த ஹோஸ்லயும் நகர்றதே இல்ல, அது சுவரோட ஒட்டி நிக்குது. நடுவுல போறதுதான் ஓடுது. ரெண்டுக்கும் நடுவுல நடக்கதுதான் கூத்து.

நம்ம தேரோட்டம் அன்னைக்கு ரத வீதிய நெனச்சுக்க. நடுவுல கூட்டம் வேகமாப் போகுது, ஓரத்துல கடையப் பாத்துக்கிட்டு நிக்கவங்க நிக்காங்க. எல்லாரும் அவங்கவங்க வரிசைல போனா பிரச்சனையே இல்ல, ஆனா நடுவுல இருந்து நாலு பயலுவ பாய்ஞ்சு ஓரத்துக்கு வாரானுவ, நிக்கவன் மேல மோதி நின்னு போறானுவ, ஓரத்துல நின்ன ரெண்டு பேரு தள்ளுல நடுவுக்குப் போயி அங்க வேகமா வர்றவன் கால்ல சிக்குதான், இப்படியே மொத்தக் கூட்டமும் மெதுவாயிருது. தண்ணிலயும் அதேதான், சுழல் சுழலா வேகத் தண்ணி சுவருக்கு வருது, தூங்குத தண்ணி நடுவுக்குப் போவுது. சுவர் தண்ணியப் புடிச்சு இழுக்கதுன்னு நாம சொல்லுத சமாச்சாரத்துல முக்காவாசி இந்த போக்குவரத்துதான். உன் ஹோஸ்ல அந்த 450 லிட்டரும் சுழல் எதுவும் இல்லாம வரிசையாப் போச்சுன்னா உரசல் 40ல ஒரு பங்கு கூட இருக்காது. 1883ல மான்செஸ்டர்ல ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய்ல சாயம் விட்டுப் பாத்தாருன்னு பாலிடெக்னிக்ல நம்ம வாத்தியார் தூங்க வச்சாரே, அந்த வரிசைப் போக்குக்கும் கொந்தளிப்புக்கும் இருக்க வித்தியாசம்தான் இது.

இதுல இன்னொரு அழகு இருக்கு. 1967ல ஸ்டான்ஃபோர்டுல க்ளைன்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிகளும் தண்ணிக்குள்ள மெல்லிசுக் கம்பி கட்டி கரண்ட் விட்டு ஹைட்ரஜன் குமிழி வர வச்சுப் பாத்தாங்க, சுவர ஒட்டி குமிழியெல்லாம் நீள நீளமாக் கோடு கோடா சேருது, நாத்தாங்கால்ல பாத்தி கட்டுன மாதிரி. உன் ஹோஸ்ல அந்தக் கோட்டுக்குக் கோடு இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் வரும், நான் போட்டுப் பாத்தேன். கோடு கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் நெளியும், தூக்கும், வெடிச்சு நடுவுக்குப் போகும். அந்தப் பயலுவ இவனுவதான்.

இப்ப பொடிக்கு வா. அதோட மூலக்கூறு ஒவ்வொண்ணும் ரொம்ப நீளமான நூலு, சும்மா இருக்கும்போது நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். சுழல் வந்து இழுக்கும்போது நீளுது, நீண்டா ரப்பர் மாதிரி இழுத்துப் புடிக்குது, சுழலோட தெம்ப அது உறிஞ்சிருது. தேர்க்கூட்டத்துல நாலு பேரு கையக் கோத்துக்கிட்டு நின்னா குறுக்க பாய முடியாதுல்ல, அந்த மாதிரி. இதக் கண்டுபுடிச்சவர் டாம்ஸ்னு ஒரு வெள்ளைக்காரர், 1948ல ஹாலந்துல நடந்த மாநாட்டுல சொன்னாரு, அவர் தேடுனது வேற என்னமோ, அக்ரிலிக் பிளாஸ்டிக்கக் கரைச்சு குழாய்ல விட்டா அது கரைசல் கெட்டியாயிட்டுல்லா மெதுவாப் போகணும், போகல, வேகமாப் போச்சு. அவருக்கு முன்னாலயே போர் சமயத்துல தீக்குண்டுக்கான நேபாம் கலந்த பெட்ரோல்லயும் இதப் பாத்திருக்காங்க. எதுக்குப் பாத்தாங்கன்னு நெனச்சா மனசு கேக்கல, விடு.

நானும் போன வருஷம் லேப்ல இதச் செஞ்சேன், உங்கிட்ட சொல்லல, ஏன்னா மொதல்ல அசிங்கப்பட்டுட்டேன். 1000 லிட்டர் டேங்க்ல 20 கிராம் பொடி, அவ்வளவுதான், கணக்குக்கு 20 பிபிஎம், பத்து லட்சத்துல 20 பங்கு. பொடிய அப்படியே வாளித் தண்ணில கொட்டுனேன், கேப்பை மாவு கட்டி தட்டுத மாதிரி உருண்டை உருண்டையாப் போச்சு, மேல ஜெல்லு உள்ள காஞ்ச பொடி. சரின்னு வீட்டுல இருந்து பழைய மிக்ஸியக் கொண்டு வந்து அடிச்சேன், நல்லாக் கரைஞ்சுது, டேங்க்ல ஊத்தி விட்டா, உரசல்ல போற பிரஷர அளக்குத மானோமீட்டர்ல ஒரு சென்டிமீட்டர் கூடக் கொறையல. பசங்க பின்னால நின்னு சிரிக்கானுவ. அப்புறம்தான் உறைச்சுது, அந்த நீளத்துலதான் சூட்சுமமே இருக்கு, மிக்ஸி பிளேடு அத்தனை நூலையும் துண்டு துண்டா நறுக்கிருச்சு. ரெண்டாவது தடவ பொடிய லேசாத் தூவி, குச்சியால மெதுவாக் கிண்டி, ராத்திரி முழுக்க ஊற வச்சு, காலைல ஊத்துனேன். வாளி நெறையுத நேரம் முன்ன மாதிரியே இருக்கும்படி வால்வ திருகி வச்சுக்கிட்டோம், மானோமீட்டர்ல வெறும் தண்ணிக்கு 40 சென்டிமீட்டர் காட்டுனது 24க்கு வந்து நின்னுச்சு. 20 கிராம்ல! நம்ம வீட்டுல சாம்பாருக்குப் பெருங்காயம் இதவிட கனமாப் போடுவாங்க. அன்னைக்கு தரைல சிந்துனதுல ஒரு பய வழுக்கி விழுந்தது தனிக்கதை, அடி ஒண்ணும் இல்ல.

உனக்கு இதுல உள்ள சிக்கல் இப்பப் புரிஞ்சிருக்கும். பம்ப்புக்கு முன்னால கலந்தா பம்ப்போட இறக்கை என் மிக்ஸி வேலையச் செஞ்சிரும். அதனால பம்ப்பத் தாண்டித்தான் ஏத்தணும். நுரை மருந்த ஹோஸ் தண்ணிக்குள்ள இழுக்கப் போடுவியே இன்லைன் இண்டக்டர், அது வழியா ஏத்தலாமேன்னு கேப்ப, அந்த இண்டக்டரே பிரஷர்ல மூணுல ஒரு பங்கத் தின்னுருமே, பிச்சை எடுத்தாராம் பெருமாளு அதப் புடுங்கித் தின்னாராம் அனுமாரு. தனியா ஒரு சின்ன டோசிங் பம்ப் வேணும், பொடிய முன்னமே கரைசலாவோ கூழாவோ வச்சிருக்கணும், அது வண்டில வெயில்ல மாசக்கணக்கா கெடந்து கெடாம இருக்கணும். இதுக்கெல்லாம் இங்க யாரு பைல்ல கையெழுத்துப் போடுவா சொல்லு.

ஆனா எண்ணெய்க் கம்பெனிக்காரன் விடல. அலாஸ்கால வடக்குக் கோடில இருந்து தெக்க வால்டஸ் துறைமுகம் வரைக்கும் 48 இஞ்ச் குழாய், கிட்டத்தட்ட 1,300 கிலோமீட்டர், 1979லயே இந்த வகை மருந்த குரூட் ஆயில்ல விட ஆரம்பிச்சிட்டான், பம்ப் ஸ்டேஷன் கூட்டி ஏத்த வேண்டியத மருந்து ஊத்தி ஏத்துனான். 1988ல அந்தக் குழாய்ல ஒரு நாளைக்கு 20 லட்சம் பீப்பாய் போச்சு. அங்கயும் ஒவ்வொரு பம்ப் ஸ்டேஷன்லயும் நூலு அறுந்துரும், அதனால ஸ்டேஷனத் தாண்டுனதும் மறுபடி ஊத்தணும். இதுக்கு ஒரு வழியா ஜப்பான்ல கட்டட ஏசி தண்ணி லைன்ல சோப்பு வகையச் சேந்த ஒண்ண விடுதாங்க, அது நீளமான புழு மாதிரி தானாச் சேந்து நிக்கும், பம்ப்ல பிஞ்சாலும் தாண்டுனதும் மறுபடி கூடிக்கும். சுத்திச் சுத்தி வர்ற தண்ணிக்கு அதுதான் லாயக்கு, உன் தண்ணி ஒரு தடவதான போவுது.

எவ்வளவு ஊத்துனாலும் ஒரு எல்லைக்கு மேல கொறையாதுங்கதும் உண்டு, எம்ஐடில விர்க்னு ஒருத்தரு 1970 வாக்குல அத வரைஞ்சு காட்டுனாரு, எந்த பாலிமர், அதான் இந்த நூல் வகை, போட்டாலும் எல்லாம் ஒரே கோட்டுல போயி முட்டி நிக்குது. அது ஏன்னு இன்னும் ஆராய்ச்சிக்காரங்க அடிச்சுக்கிட்டு இருக்காங்க.

பொடி இல்லாம நம்ம ஊரு சரக்குலயே முடியுமான்னு உன் புத்தி போகும், எனக்கும் போச்சு. கொத்தவரை விதைப் பிசின், அதான் குவார் கம், அது நல்லாவே வேலை செய்யும், வெண்டைக்காய் வழவழப்ப வச்சும் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. குவாருக்கு அளவு கூட வேணும், நாலு நாள்ல நாறிரும், அது வேற. மீன் மேல இருக்க வழவழப்பு இருக்குல்ல, 1971ல ரெண்டு பேரு அதச் சுரண்டி தண்ணில கலந்து குழாய்ல விட்டுப் பாத்ததுல, நம்ம ஷீலா மீனோட சொந்தக்காரன் பசிபிக்ல இருக்கானே, அவன் வழவழப்புல உரசல் 60 சதவீதத்துக்கு மேல கொறைஞ்சிருக்கு. உங்க மதினி ஷீலாவ உப்பு போட்டுத் தேச்சுக் கழுவும்போது இதச் சொன்னேன், அடுப்படிய விட்டு வெளிய போங்கன்னா.

உன் சின்னவன் கேட்டானே, ப்ளேன்ல சுறாத் தோல் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டுதாங்களே சொரசொரன்னு இருந்தா இழுவை கூடத்தான செய்யும்னு, அவன்கிட்ட சொல்லு, அவன் கேள்வி சரியான கேள்வி. அது கண்டபடி சொரசொரப்பு இல்ல, காத்து போற திசைலயே நேர் நேராக் கீறுன வரி, வரிக்கு வரி ஒரு மில்லிமீட்டர்ல இருவதுல ஒரு பங்கு. சுழல விட வரி சின்னதா இருக்கதால சுழலால பள்ளத்துக்குள்ள எறங்க முடியல, மேட்டு நுனிலதான் உரசுது, பக்கவாட்டுல பெரளவும் முடியல. 1980 வாக்குல நாசால வால்ஷ்னு ஒருத்தர் அளந்து பாத்து 8 சதவீதம் வரைக்கும் கொறையுதுன்னாரு, பெர்லின்ல பெகெர்ட் எண்ணெய்த் தொட்டில மெல்லிசு தகடு வரிசை வச்சு கிட்டத்தட்ட 10க்குக் கொண்டு போனாரு. 1987 அமெரிக்கா கப் பாய்மரப் போட்டில ஜெயிச்ச படகுல இத ஒட்டியிருந்தாங்க. 2022ல சுவிஸ் ஏர்லைன்ஸ் போயிங் 777 ப்ளேன்ல 950 சதுர மீட்டருக்கு ஒட்டுச்சு, எண்ணெய் மிச்சம் ஒரு சதவீதம்தான், ஆனா அவ்ளோ பெரிய ப்ளேன் குடிக்கத நெனச்சா அதுவே காசு. கோல்ஃப் பந்து குழியையும் இதையும் ஒண்ணுன்னு நெட்ல எழுதுவான், நம்பாதேன்னு சொல்லு, அது பின்பக்கம் காத்து பிரியுத சமாச்சாரம், வேற கணக்கு.

உன் குடோனுக்கு என் யோசனை ரொம்ப சாதாரணம். அடுத்த தடவ கீழ வரைக்கும் ரெண்டு லைன் இணையா போட்டு மாடிப்படிகிட்ட கலெக்டிங் பிரீச்சிங், அதான் ரெண்டு லைன ஒண்ணாக்குத இணைப்பு, வச்சு சேத்துரு. தண்ணி ரெண்டா பிரிஞ்சா உரசல் பாதியாகாதுல, கால்வாசியாகும், மூணு கிலோ போன எடத்துல முக்கா கிலோதான் போகும். உனக்குத் தெரியாததில்ல, அன்னைக்கு ஹோஸ் பத்தலன்னு எழுதியிருந்த, சரி.

கல்யாணப் பத்திரிகை வைக்க கோயம்புத்தூர் வருவல்ல, அப்ப கழிச்சுப் போட்ட ஹோஸ்ல ரெண்டு மீட்டர் துண்டு ஒண்ணு, கப்ளிங்கோட, கொண்டா. புதுசு வேண்டாம், உள்ள ரப்பர் வெடிச்சதா இருக்கணும், எவ்ளோ தின்னுதுன்னு பெஞ்ச்ல போட்டு உனக்கு முன்னாலயே காட்டுதேன். பொடி இன்னும் அரை டப்பா இருக்கு. முந்தின நாளே போன் போடு, ஊற வைக்கணும்.

இப்படிக்கு
உன் சுடலை