சீல் வைத்த செட்டுக்குள் யாருடைய கட்டைவிரல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய நினைவு நாணயம் வெளியாகும்போதெல்லாம் மேடையில் நாலு பேர் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தோடு செய்தி போடுகிறீர்கள். அதே நாணயம் காசு கட்டி வாங்குகிறவன் வீட்டுக்கு எந்த லட்சணத்தில் வந்து சேருகிறது என்று யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பல வருடங்களாக நாணயம் சேர்ப்பவன். விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரசு நாணயச்சாலைகள் சேகரிப்பாளர்களுக்கு இரண்டு விதமாக செட் விற்கின்றன. ஒன்று ப்ரூஃப்: அச்சையும், அதில் அடிபடும் வெறும் உலோக வில்லையையும் மெருகேற்றி, ஒரு தடவைக்கு மேல் அடித்து, கையுறை போட்டு எடுத்து வைப்பது. இன்னொன்று யு.என்.சி. (அன்சர்குலேட்டட்) செட்: வழக்கமான முறையில் அடித்ததுதான், ஆனால் புழக்கத்துக்குப் போகாமல் நேராகப் பெட்டிக்குள் வைத்து மூடியது. ப்ரூஃப் விலை எனக்குக் கட்டுப்படியாவதில்லை, யு.என்.சி.தான் வாங்குவேன்.

இந்த முறை வாங்கியது 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்கள் ஐந்தும் உள்ள செட். எந்த நாணயச்சாலை என்று எழுதவில்லை, பெயரைக் கெடுப்பது என் நோக்கமில்லை. முகமதிப்பைக் கூட்டினால் 38 ரூபாய். நான் கொடுத்தது அதைப் போலப் பல மடங்கு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, கூரியர் வந்ததும் பிரித்துப் பார்த்தால் 20 ரூபாய் நாணயத்தின் நடுவில், அந்த மஞ்சள் வட்டத்தில், பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. 5 ரூபாயின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். எஃகில் அடித்த 2 ரூபாயில் நீளமாக ஒரு கீறல். பட்டுப்புடவை என்று வாங்கி வந்து பிரித்தால் யாரோ கட்டிக் களைந்த மடிப்பு தெரிகிற மாதிரி இருந்தது.

கீறலைப் பற்றி நான் பெரிதாகச் சண்டை போட மாட்டேன். எந்திரத்திலிருந்து நாணயங்கள் தொட்டியில் மளமளவென்று விழும்போது ஒன்றோடொன்று மோதத்தான் செய்யும், யு.என்.சி. என்றால் அந்தச் சிறு வடுக்கள் இருக்கலாம் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம். வெள்ளி கறுத்தால்கூட சரி என்று விட்டுவிடலாம். நம்முடைய 100 ரூபாய் நினைவு நாணயங்களில் பெரும்பாலானவற்றில் வெள்ளி பாதிதான், 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். காற்று பட்டால் நிறம் மாறுவது அந்தக் கலவையின் குணம்.

ஆனால் கைரேகை? அச்சு எந்திரத்துக்கு விரல் கிடையாது. வியர்வையில் உப்பு இருக்கிறது, அமிலம் இருக்கிறது. 20 ரூபாயின் நடுவட்டத்தில் 75 சதவீதம் செம்பு, அதில் விரல் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, போகப்போக பழுப்பேறி உலோகத்தையே அரித்துவிடும், அப்புறம் எதைப் போட்டாலும் போகாது. ஆக, யாரோ வெறுங்கையால் எடுத்து வைத்திருக்கிறார்கள், மூடுவதற்கு முன் யாரும் பார்க்கவும் இல்லை. ஒரு ஜோடி பருத்திக் கையுறை என்ன விலை இருக்கும்?

இதில் இன்னொரு கொடுமை, பெட்டியைத் திறக்கவும் முடியாது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் இருக்கிற அசிட்டோனில் முக்கி எடுத்தால் விரலின் எண்ணெயாவது போகும், அரிப்பு மேலும் பரவாமல் தடுக்கலாம். ஆனால் நாணயச்சாலை மூடிக் கொடுத்ததைப் பிரித்துவிட்டால் அந்த செட்டைக் கேட்பார் இல்லை. பிரிக்காமல் வைத்தால் கறை உள்ளேயே வளரும். (புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடுமே என்று வீட்டில் யோசனை சொன்னார்கள். புதிதாகச் சேர்க்க ஆரம்பித்திருக்கும் பிள்ளைகள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பளிச்சென்று ஆகும், அதோடு அந்தக் காசின் மதிப்பும் போய்விடும்.)

படம் எடுத்து மின்னஞ்சல் அனுப்பினேன். யு.என்.சி. செட்டில் இதெல்லாம் இருக்கும், மாற்றித் தர இயலாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. சரி, எதுவரை இருக்கலாம் என்ற அளவுகோலையாவது விற்கும் இடத்தில் எழுதி வையுங்கள். அமெரிக்க நாணயச்சாலை 2005 முதல் 2010 வரை யு.என்.சி. செட்டுக்கென்றே தனியாக மங்கலான பட்டு மெருகு கொடுத்தது, 2011இல் மறுபடியும் பழைய பளபளப்புக்குப் போனது. அதில் எது அழகு என்பதில் சேகரிப்பாளர்களுக்குள் சண்டை உண்டு, ஆனால் அங்கே யு.என்.சி. செட்டை ஒரு தனிச் சரக்காக நினைத்து ஏதோ மெனக்கெட்டிருக்கிறார்கள். இங்கே வங்கிகள் புதுச் சில்லறை கொடுக்கும் நாணய மேளாவில் வரிசையில் நின்று, முகமதிப்புக்கே வாங்கிய 20 ரூபாய் என்னிடம் இருக்கிறது. அது இதைவிடச் சுத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நினைவு நாணயங்களை என்னைப் போன்ற பைத்தியங்கள் மட்டும் வாங்குவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010 என்று பொறித்து 1000 ரூபாய் நாணயம் வந்தது. அண்ணா நூற்றாண்டு நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருந்தது. 2024இல் கலைஞருக்கு 100 ரூபாய் நாணயம். இப்படி வரும்போது நாணயத்தைப் பற்றி ஒன்றும் அறியாத குடும்பங்கள்கூட ஆசையாக வாங்கி, பேரப்பிள்ளைக்கு என்று பீரோவில் வைக்கிறார்கள். உள்ளே கறை இருந்தால், இது இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் யாரும் மின்னஞ்சல் அனுப்பப் போவதில்லை.

நுகர்வோர் பாதுகாப்பின் கீழ் 2020இல் வந்த மின்வணிக விதிகள், பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. அரசு முத்திரை இருந்தால் மட்டும் அது பொருந்தாதா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அடுத்த செட்டுக்கு முன்பதிவு அறிவிப்பு வந்துவிட்டது, இதற்கு ஒரு முடிவு தெரியும்வரை பணம் கட்டுவதாக இல்லை.

இப்படிக்கு,
நாணயம் சேர்க்கும் வாசகர் ஒருவர்,
திருச்சி