செயலாளர் ஆகிவிட்டாயாமே!

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறொன்றுமில்லை. ஆனால் உங்கள் தெரு நலச் சங்கத்துக்கு நீ செயலாளர் ஆகிவிட்டாய் என்ற வரியைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். விடுதிக் கமிட்டிக் கூட்டம் என்றாலே பின்வாசல் வழியாக நழுவுகிற ஆள் நீ! கொஞ்சம் தாமதமாகப் போனேன், அதற்குள் என் பெயரை முன்மொழிந்து கைதட்டிவிட்டார்கள் என்கிறாய். எல்லாச் செயலாளர்களும் அப்படி உருவானவர்கள்தான்டா. நானும் அப்படித்தான் மாட்டினேன், ஆறு வருஷம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் நோட்டையும் சாவியையும் ஒப்படைத்தேன்.

நூற்றிருபது வீட்டில் பதினோரு பேர்தான் கூட்டத்துக்கு வருகிறார்கள், மற்றவர்கள் வாட்ஸப்பில் குறை சொல்ல மட்டும் இருக்கிறார்கள் என்று புலம்பியிருந்தாய். பதினோரு பேர் வந்தால் அது நல்ல கூட்டம். எங்களுக்கு ஒருமுறை நான்கு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

முதல் மூன்று வருஷம் நான் சங்கத்தை மிக நன்றாக நடத்துகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் சந்தா வசூல், ரசீது, விளக்கு எரியவில்லை என்றால் மனு, சாக்கடை அடைத்தால் ஆள், எல்லாம் கச்சிதம். ஆனால் அதில் என்ன ஆயிற்று என்றால் சங்கம் ஒரு குட்டி அலுவலகமாகிவிட்டது, சந்தா கொடுத்தவரெல்லாம் வாடிக்கையாளர் ஆகிவிட்டார். "பணம் கட்டுகிறோம் இல்லையா, என்னதான் பண்ணுகிறீர்கள்?" என்று இரவு பத்து மணிக்கு ஃபோன் வரும். நானும் அதையே பெருமையாக எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் அந்தச் சம்பவம். உன்னிடம் இதைச் சொன்னதில்லை, வெட்கம்தான். எங்கள் வரிசையில் தனியாக இருந்த ஓர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் ஒன்றரை நாள் அப்படியே கிடந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, இடுப்பெலும்புதான். வாசலில் இரண்டு செய்தித்தாள்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன, அடியில் இருந்தது நனைந்து உப்பியிருந்தது. அந்த வழியாக நான் இரண்டு தடவை போனேன். ஒரு தடவை என் கையில் சந்தா நோட்டு வேறு. மணி அடித்தேன், பதில் இல்லை, அவர் பெயருக்கு நேராகப் பென்சிலில் 'ஆள் இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

கடைசியில் கண்டுபிடித்தது எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த பையன். நேற்றைய பேப்பரும் எடுக்கவில்லையே என்று அவருக்குத்தான் உறைத்திருக்கிறது. அவர் சங்கத்தில் உறுப்பினரே இல்லை, ஆகவும் முடியாது. சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும்தான் உறுப்பினர் என்று எங்கள் விதிமுறை சொன்னது. தெருவில் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டு அதற்குக் குடியிருப்போர் சங்கம் என்று பெயர் வைத்திருந்தோம்!

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பைத்தியம் மாதிரி இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். 1995 ஜூலையில் சிகாகோவில் ஒரு வெப்ப அலை, 700 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் நிறையப் பேர் தனியாக இருந்த முதியவர்கள், மூடிய கதவுக்குப் பின்னால். எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் அங்கே வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் என்று பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகள் இரண்டை ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் தனியாக வாழும் ஏழை முதியவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு, வெயிலும் ஒன்றே. ஆனால் வடக்கு லான்டேலில் இறப்பு விகிதம் தெற்கைப்போல் பத்து மடங்கு. தெற்கில் கடைகளும் நடமாட்டமும் இருந்தன, கிழவர்கள் வெளியே வந்து போனார்கள். வடக்கில் காலிமனைகளும் கைவிட்ட கட்டடங்களும், பயத்தில் யாரும் கதவைத் திறக்கவில்லை.

அதே 1995, ஜனவரி 17, ஜப்பானில் கோபே நிலநடுக்கம். அதன் மையத்துக்கு அருகே அவாஜி தீவில் ஹோக்குதான் என்று ஒரு சிற்றூர். அங்கே ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் தன்னார்வத் தீயணைப்புக் குழு இருந்தது. எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார்கள் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். அதனால் இடிந்த கூரையை எங்கே தோண்டுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சுமார் 300 பேரை வெளியே எடுத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் நோட்டில் 'ஆள் இல்லை' என்று எழுதியிருந்ததே, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதனால் ஒரு புது நோட்டுப் போட்டோம். யார் தனியாக இருக்கிறார்கள், மாற்றுச் சாவி யாரிடம், யாரைக் கூப்பிட வேண்டும், இவ்வளவுதான். பாதிப் பேர் கொடுக்க மறுத்துவிட்டார்கள், அவர்கள் மறுத்தது சரி என்றே இப்போது படுகிறது. தனியாக இருப்பவர்களின் பட்டியல் தவறான கையில் கிடைத்தால் என்ன ஆகும்? ஆகவே ஒரே பட்டியல் என்பதையே விட்டுவிட்டோம். எட்டு வீட்டுக்கு ஒருவர், அந்த எட்டு மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும். வாட்ஸப்பில் ஒரு எழுத்துகூடப் போடக்கூடாது என்பதில் மட்டும் நான் கறாராக இருந்தேன்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆட்களை எப்படி உள்ளே இழுப்பது? என் அனுபவத்தில் "தன்னார்வலர்கள் தேவை" என்று எழுதி ஒட்டினால் ஒருவர்கூட வரமாட்டார். ஒருவருடைய வீட்டு வாசலில் போய் நின்று, "சனிக்கிழமை காலையில் அரை மணி நேரம் இந்த ஏணியைப் பிடித்துக்கொள்ள முடியுமா?" என்று கேள். பெரும்பாலும் வந்துவிடுவார். வேலை சின்னதாக இருக்க வேண்டும், எப்போது முடியும் என்று தெரிய வேண்டும், அவரைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். குழுவில் தினமும் என்னைத் திட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், "கணக்கில் சந்தேகம் என்கிறீர்களே, நீங்களே ரசீதையெல்லாம் சரிபார்த்துக் கொடுங்களேன்" என்றேன். முறைத்துக்கொண்டுதான் வாங்கிப் போனார். இப்போது அவர்தான் பொருளாளர், என்னைவிடப் பத்து மடங்கு கறார். மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் பாதிச் சண்டை தானாக நின்றது.

ஏணி என்றதும் நினைவுக்கு வருகிறது. சங்கத்துக்கென்று நாங்கள் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் ஒரு நீள ஏணிதான். அதை என் வீட்டில் வைத்திருந்த வரை யாரும் கேட்கவில்லை. பிறகு, கடைசியாக எடுத்தவர் வீட்டிலேயே இருக்கட்டும், வேண்டுபவர் தேடிப் போய் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டோம். அவ்வளவுதான், அது தெருவெல்லாம் சுற்ற ஆரம்பித்தது. தேடி வந்தவரும் கொடுத்தவரும் பேசாமல் இருக்க முடியாதில்லையா?

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் ஜனங்களையே குறை சொல்லாதே. உங்கள் தெருவைக் குறுக்குவழியாக்கி வண்டிகள் பறக்கின்றன என்று எழுதியிருந்தாய். அது சின்ன விஷயமில்லை. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் 1960களின் கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஆராய்ந்தார். நாளைக்கு 2,000 வண்டி போகும் தெருவில் இருந்தவர்களுக்கு, 16,000 வண்டி போகும் தெருவில் இருந்தவர்களைவிடத் தெருவுக்குள் மூன்று மடங்கு நண்பர்கள். வேகத்தடைக்கான மனுவை முதலில் கொடு, கலைவிழாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். விதிமுறையைத் திருத்தி வாடகைக்காரர்களையும் சேர்க்க இரண்டு பொதுக்குழு ஆயிற்று, முதல் தடவை தோற்றோம். நிரந்தரமாக இருக்கப்போகிறவர்கள் நாம்தானே, நேற்று வந்தவனுக்கு என்ன ஓட்டு என்று கத்தியவர், அடுத்த வருஷமே வீட்டை விற்றுவிட்டுப் போனார்! அந்த மாடிப் பையனுக்குத்தான் இப்போது நோட்டைக் கொடுத்திருக்கிறேன். கூட்டத்துக்கு வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாக வரச் சொல்லியிருந்தேன்.

உங்கள் விதிமுறையில் வாடகைக்காரர்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்து எழுது. முழங்கால் எப்படி இருக்கிறது என்பதையும் எழுது, போன கடிதத்தில் அதை மறைத்துவிட்டாய். நான் கிளம்புகிறேன், வீட்டு மின்விசிறி சத்தம் போடுகிறது, ஏணி எந்த வீட்டில் இருக்கிறதோ தேட வேண்டும்.

உன்,
பழைய பெஞ்ச் தோழன்